செங்காந்தளின் ஒப்பனை அறைக்குள்ளே…

விடிகாலை ஐந்தே கால். நந்தனத்தில் அண்ணா சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே, எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடி. ராத்திரி முழுக்கக் கொட்டிய ஐப்பசி மழை இப்போதுதான் ஓய்ந்திருக்கிறது. ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் தாத்தாவின் பூதக்கண்ணாடி. துணி காயப்போடும் கொடிக்குக் கீழே, ஒரு தொட்டிக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கல்யாண வீட்டில் மணப்பெண்ணுக்கு அலங்காரம் நடக்கும் அறையைக் கதவிடுக்கில் எட்டிப் பார்க்கிற சின்னப் பெண்ணின் பரபரப்பு எனக்கு. உள்ளே செங்காந்தள் தயாராகிக்கொண்டிருக்கிறது!

ஆமாம், அதேதான். தமிழ்நாட்டின் மாநில மலர். பள்ளிக்கூடப் புத்தகத்தில் பனைமரம், வரையாடு, மரகதப்புறா, பலாப்பழம் இவற்றோடு ஒரு வரியாகப் படித்து, தேர்வில் எழுதி, மறந்துபோன பூ. பூத்து நிற்கும் காந்தளைப் படத்திலாவது பார்க்காதவர்கள் இல்லை. ஆனால் அது எப்படிப் பூக்கிறது? எந்த நேரத்தில் எந்த நிறம் ஏறுகிறது? வருஷத்தில் பாதி நாள் ஆளையே காணோமே, எங்கே போய் ஒளிந்துகொள்கிறது? இரண்டு வருஷமாக இந்த ஒரு தொட்டியையே சுற்றிச் சுற்றி வந்து நான் பார்த்ததையெல்லாம் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

முதலில் மொட்டு. பச்சை மிளகாய்க்கும் பாகற்பிஞ்சுக்கும் நடுவே ஒரு உருவம். நீளக் காம்பில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, தரையைப் பார்த்தபடி இருக்கும். ஆறு இதழ்களும் கீழ்நோக்கித்தான் தொங்குகின்றன. பூ மலர்வது என்றால் மேல்நோக்கி விரிவது என்றுதானே நினைப்போம்? காந்தள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே மலர்கிறது. கீழே பார்த்துக்கொண்டிருந்த இதழ்கள் மெதுமெதுவாக வெளியே சாய்ந்து, பக்கவாட்டில் விரிந்து, பிறகு பின்னுக்கு வளைந்து மேலே எழும்பி நிற்கின்றன. பூவின் வாய் இன்னமும் தரையைத்தான் பார்க்கிறது. இதழ்கள் மட்டும் ஆகாயத்துக்கு ஏறிவிட்டன! நாம் 'பூ' என்று பார்ப்பது, பின்னால் மடித்துத் தூக்கிக் கட்டிய பாவாடையைத்தான்.

இனிமேல்தான் ஒப்பனை. என் நோட்டுப் புத்தகத்தில் நாள்வாரியாக எழுதி வைத்திருக்கிறேன். முதல் நாள் இதழ் வெளிர்பச்சை. ஓரத்தில் மட்டும் சுருள் சுருளாக அலை. இரண்டாம் நாள் பச்சை கழன்று மஞ்சள் வருகிறது. மூன்றாம் நாள் நுனியிலிருந்து சிவப்பு இறங்கத் தொடங்குகிறது. மேலே குங்குமம், கீழே மஞ்சள், நடுவில் இரண்டும் உருகிக் கலக்கும் ஒரு ஆரஞ்சு. இந்த நாளில்தான் எல்லாரும் படம் எடுக்கிறார்கள். ஆனால் கதை அதோடு முடிவதில்லை. அடுத்தடுத்த நாட்களில் சிவப்பு ஊறி ஊறி அடிவரைக்கும் இறங்கி, வாரக் கடைசியில் பூ முழுக்க அடர்ந்த ரத்தச் சிவப்பு. ஒரே கொடியில் நாலு பூ வெவ்வேறு நாளில் மலர்ந்திருந்தால், பச்சை, மஞ்சள், இரட்டை நிறம், சிவப்பு என்று நாலு வேஷமும் ஒரே நேரத்தில் மேடையில்! பக்கத்து வீட்டு மாமி மாடிக்கு வந்து பார்த்துவிட்டு, "நாலு தினுசுச் செடி வாங்கி வெச்சிருக்கியா?" என்று கேட்டார். இல்லை மாமி, ஒரே செடி. ஒரே கொடி.

பழந்தமிழ்ப் புலவர்கள் இந்த ஒரு பூவை விளக்குச் சுடர் என்றார்கள், பாம்பின் படம் என்றார்கள், பெண்ணின் விரல் என்றார்கள். ஏன் ஆளுக்கொன்று சொல்கிறார்கள் என்று படிக்கிற காலத்தில் எனக்குக் குழப்பமாக இருக்கும். தொட்டிக்கு முன்னால் ஒரு வாரம் உட்கார்ந்த பிறகு பளிச்சென்று புரிந்தது. ஆறு இதழும் நெளிந்து மேலே எழுந்து நிற்கையில் அது சுடர்தான். காற்றில் தலையாட்டும்போது படமெடுத்த பாம்புதான். நிறம் ஏறி, இதழ்கள் கூடிக் குவிந்து நிற்கையில் மருதாணி வைத்த விரல்கள்தான். குறுந்தொகையில் ஒரு பாட்டு, புதுக் குடித்தனம் நடத்தும் பெண் தயிர் பிசையும் விரல்களைக் காந்தளாகப் பார்க்கிறது. அடுக்களையில் காந்தளைக் கொண்டுவந்து வைத்த அந்தப் புலவரை நினைத்தாலே எனக்கு உடம்பெல்லாம் பூரிக்கிறது.

முதலிடம் என்றால் காந்தளுக்கு எவ்வளவு இஷ்டம் பாருங்கள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை வரிசைப்படுத்துகிறார். அதில் முதல் பெயர் செங்காந்தள். குறுந்தொகையில் கடவுள் வாழ்த்துக்கு அடுத்து வரும் முதல் பாட்டும் காந்தள் பாட்டே. தலைவன் கையுறையாகப் பூக் கொண்டுவந்து நீட்டுகிறான்; தோழியோ, முருகன் மலையான எங்கள் மலையிலேயே காந்தள் குலைகுலையாக இருக்கிறதே என்று திருப்பி அனுப்புகிறாள். மலையே காந்தளாக இருந்த இடத்தில் அவனால் வேறு என்ன கொடுத்திருக்க முடியும்?

சரி, பூவுக்குள் வருவோம். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் இன்னொரு ரகசியம் கண்ணில் படுகிறது. ஆறு மகரந்தக் கேசரங்கள் குடைக்கம்பி மாதிரி சுற்றிலும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. நடுவில் பச்சைச் சூலகம். அதிலிருந்து கிளம்பும் சூல்தண்டு நேராகப் போக வேண்டியதுதானே? போகவில்லை. கிளம்பிய இடத்திலேயே முழங்கை மடக்கியது போலச் செங்கோணத்தில் திரும்பி, பூவைவிட்டு வெளியே ஓடுகிறது. முதல் தடவை பார்த்தபோது பூ ஒடிந்துவிட்டது என்று பதறிப்போனேன். ஒடியவில்லை, தன் மகரந்தம் தன் சூல்முடியில் விழுந்துவிடக் கூடாது என்று ஒதுங்கி நிற்கிறது. வேறு பூவின் மகரந்தம்தான் வேண்டும். பட்டாம்பூச்சியோ தேன்சிட்டோ தேனுக்காகக் கீழிருந்து வந்து தொங்க வேண்டும். நீட்டி நிற்கும் கேசரங்கள் அதன் சிறகிலோ உடம்பிலோ மஞ்சள் பொடியைப் பூசிவிட வேண்டும். அடுத்த பூவுக்குப் போகும்போது, வழியில் நீண்டிருக்கும் சூல்தண்டின் முனையில் அது உரச வேண்டும். இத்தனை 'வேண்டும்'களும் ஒன்றாகக் கூடினால்தான் ஒரு காய்.

எங்கள் மாடியில் முதல் வருஷம் ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. இரண்டாம் வருஷம் பஞ்சை எடுத்துக்கொண்டு நானே பட்டாம்பூச்சி ஆனேன்.

இலையைச் சொல்ல மறந்துவிட்டேன்! காந்தளுக்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே இழைந்து இழைந்து ஒரு நூலாகி, அந்த நூல் தொட்டதைச் சுற்றிக்கொள்கிறது. எங்கள் வீட்டுத் துணிக்கொடி நைலான் கயிறு. ஒரு நாள் சாயங்காலம் ஒரு இலை நுனி அதை லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தது. மறுநாள் சாயங்காலம் போய்ப் பார்க்கிறேன், இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிப் பிடித்திருக்கிறது! கொடியில் காய்ந்த என் துப்பட்டாவின் குஞ்சத்தையும் சேர்த்து. அந்தத் துப்பட்டாவை நான் எடுக்கவில்லை. காந்தள் காய்ந்து விழும்வரை அது அங்கேயே தொங்கியது.

இப்போது காட்டுக்குப் போகலாம். ஏனென்றால் இந்தச் செடியின் ஒவ்வொரு தந்திரமும் காட்டுக்காகக் கற்றுக்கொண்டது. அந்தக் காடு நம் வீட்டுக்குப் பின்னாலேயேதான் இருக்கிறது.

நந்தனத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் போய் அடையாற்றைத் தாண்டினால் அடுத்து கிண்டி. ஆளுநர் மாளிகை, கிண்டி தேசியப் பூங்கா, ஐ.ஐ.டி. வளாகம் எல்லாம் ஒரு காலத்தில் ஒரே காடு. 1821இல் வெள்ளைக்கார அரசாங்கம் கிண்டி மாளிகையைத் தனியாரிடமிருந்து விலைக்கு வாங்கியது. 1910இல் காட்டைக் காப்புக்காடாக்கினார்கள். பிறகு அதிலிருந்து ஒரு பெரிய துண்டு ஐ.ஐ.டி.க்குப் போனது, 1959இல் அது தொடங்கியது. மிச்சமிருந்தது 1978இல் தேசியப் பூங்கா ஆனது. மொத்தமே 2.7 சதுர கிலோமீட்டர். நந்தனம், மயிலாப்பூர், தி.நகர்வாசிகள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு பாம்புப் பண்ணைக்கும் சிறுவர் பூங்காவுக்கும் போய்விட்டு, ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துத் திரும்பிவிடுகிறோம். வேலிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எத்தனை பேர் எட்டிப் பார்த்திருப்போம்?

அங்கே இருப்பது உலர் பசுமைமாறாக் காடு. கேட்கவே விசித்திரமாக இல்லையா? வறண்ட காடு என்றால் இலையுதிர வேண்டும். பசுமைமாறாக் காடு என்றால் மழை கொட்ட வேண்டும். இது இரண்டுக்கும் நடுவில் சோழமண்டலக் கரைக்கே உரிய ஒரு காடு. வருஷ மழையில் பெரும்பங்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வந்து சேர்ந்துவிடும். மற்ற மாதங்களில் கடல்காற்றும் வெயிலும்தான். அதனால் மரங்கள் ஓங்கி வளர்வதில்லை. தடித்த சிறு இலைகளோடு குட்டையாக, நெருக்கமாக, ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. களா, காரை, காசான், சூரை, காட்டெலுமிச்சை… பாதிக்கு மேல் முள். உள்ளே நுழைந்தால் சட்டை மிஞ்சாது.

ஐ.ஐ.டி.யில் வேலை பார்க்கும் தோழி ஒருத்தி, "மழை விட்டதும் வா, ஒண்ணு காட்டறேன்" என்று கூப்பிட்டாள். வளாகத்துச் சாலையோரம், புள்ளிமான்கள் சாவகாசமாக நடந்து போகிற ஒரு வளைவில் வண்டியை நிறுத்தினோம். "எங்க?" என்றேன். "நல்லாப் பாரு" என்றாள். முள்புதர், முள்புதர், இன்னும் முள்புதர். கண் பழக ஒரு நிமிஷம் ஆயிற்று. ஒரு காரைப் புதரின் உச்சியில், இரண்டாள் உயரத்தில், யாரோ ஏற்றி வைத்த மாதிரி ஐந்தாறு சுடர்கள்!

அடியைத் தேடினேன். அதுதான் அழகு. காந்தளுக்குக் கட்டை கிடையாது, மரம் கிடையாது. கிள்ளினால் ஒடியும் வெறும் பச்சைத் தண்டு. அதை வைத்துக்கொண்டு தனியாக நிமிர்ந்து நிற்க முடியாது. ஆகவே முள்புதரின் நடுமடியில் முளைக்கிறது. மக்கிய சருகு குளிர்ச்சியாக வேரை மூடியிருக்கிறது. முள்ளுக்குப் பயந்து எந்த வாயும், எந்தக் காலும் உள்ளே வருவதில்லை. இலை நுனிகளால் ஒவ்வொரு முள்ளையும் ஏணிப்படியாகப் பிடித்துப் பிடித்து இருட்டுக்குள்ளேயே ஏறி, வெளிச்சத்துக்கு வந்த பிறகுதான் முதல் மொட்டு வைக்கிறது. நம் கைக்குக் குத்துகிற முள் அதற்குக் கைப்பிடி! எங்கள் துணிக்கொடியை அது ஏன் அவ்வளவு ஆசையாகப் பிடித்துக்கொண்டது என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது.

இதனால்தான், யாராவது 'புதர் மண்டிக் கிடக்கிறது, சுத்தம் பண்ணிவிடலாம்' என்று சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. பெரிய மரத்தை வெட்டினால் ஊர் கூடுகிறது. காரையையும் களாவையும் பொக்லைன் வைத்து வழித்தால் யாரும் கேட்பதில்லை. இடம் பளிச்சென்று ஆகிவிட்டது என்று சந்தோஷப்படுகிறோம். அந்தப் பளிச்சில் காந்தள் ஏற ஏணி இல்லை. தலைக்கு மேலே நிழலும் வேருக்கு மேலே சருகும் இல்லை. காந்தளைக் காப்பாற்றுவது என்றால் முதலில் முள்ளைக் காப்பாற்றுவது.

என் தொட்டிக்குக் கிழங்கு வந்தது காட்டிலிருந்து இல்லை. காட்டிலிருந்து எடுக்கவும் கூடாது. அது மூலனூரிலிருந்து வந்தது. திருப்பூர் மாவட்டத்தில், தாராபுரம் பக்கம், எங்கள் சித்தப்பாவின் தோட்டத்திலிருந்து. அங்கே யாரும் செங்காந்தள் என்று சொல்ல மாட்டார்கள். கண்வலிக்கிழங்குதான். பூவை உற்றுப் பார்த்தால் கண்வலி வரும் என்று ஒரு நம்பிக்கை. பெயர் அதிலிருந்து வந்தது. (நான் இரண்டு வருஷமாக உற்று உற்றுப் பார்க்கிறேன். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை.) இன்னும் எத்தனை பெயர்! கலப்பைக் கிழங்கு, கார்த்திகைப் பூ, தோன்றி. மலையாளத்தில் மேந்தோன்னி. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' நூலில் அந்த மலையாளப் பெயரோடுதான் ஏறியிருக்கிறது. நம் 'தோன்றி' லத்தீன் புத்தகத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது! பிறகு 1753இல் லின்னேயஸ் வைத்த பெயர் குளோரியோசா சூபர்பா. புகழ் வாய்ந்தது, மேன்மையானது என்று ஒன்றுக்கு இரண்டாகப் புகழ்ந்து வைத்திருக்கிறார். அவருக்கும் என்னைப் போலத்தான் தலைகால் புரியாமல் போயிருக்க வேண்டும்.

மூலனூர், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சிப் பக்கம் ஆடியில் கிழங்கு ஊன்றுகிறார்கள். முள்கிளுவையை நட்டும் கம்பி கட்டியும் கொடியை ஏற்றிவிடுகிறார்கள். வயலில்கூட அதற்கு ஒரு முள்புதர் தேவைப்படுகிறது பாருங்கள்! ஐப்பசியில் போனால் ஏக்கர் கணக்கில் தீ பிடித்த மாதிரி இருக்கும். அந்தத் தீக்குள், காலை வெயில் ஏறுவதற்குள் பெண்கள் வரிசை வரிசையாக நடந்து, ஒவ்வொரு பூவாகக் குனிந்து, ஒன்றின் மகரந்தத்தை இன்னொன்றின் சூல்முடியில் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டே போவார்கள். அந்தச் செங்கோண முழங்கை இருக்கிறதே, அது மனிதர்களுக்கு வைத்த வேலை இது. நானும் ஒரு காலை அவர்களோடு நடந்தேன். நான் பத்துப் பூ முடிப்பதற்குள் பக்கத்து வரிசை அக்கா பாத்தியின் கடைசிக்கே போய்விட்டார்.

இப்படி விளைகிற விதை மருந்துக் கம்பெனிக்குப் போகிறது. கிலோ ஆயிரக்கணக்கில் விலை. சில வருஷம் ஏறும், சில வருஷம் படுத்துவிடும். உள்ளே இருப்பது கால்சிசின். 'யூரிக் ஆசிட் ஏறிப்போச்சு' என்று கால் கட்டைவிரல் வீங்கி, செருப்புப் போட முடியாமல் தவிக்கும் கவுட் நோயாளிகளுக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கும் மாத்திரை. தசைப்பிடிப்புக்குக் கொடுக்கும் தயோகால்சிகோசைடுக்கும் மூலப்பொருள் காந்தள் விதையிலிருந்து கிடைக்கிறது. 2023இல் அமெரிக்காவில் குறைந்த அளவுக் கால்சிசினை மாரடைப்பு அபாயத்தைக் குறைக்கவும் அனுமதித்தார்கள். இன்னொரு வேடிக்கை கேளுங்கள். செல் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கிற இழைகளைக் கால்சிசின் உருவாக விடாது. குரோமோசோம் இரண்டு மடங்காகி, பிரியாமல் அங்கேயே நின்றுவிடும். 1930களின் கடைசியில் இதைக் கண்டுகொண்ட விஞ்ஞானிகள் புதுப் பயிர்கள் உருவாக்கக் கிளம்பினார்கள். கோடையில் நாம் வாங்கித் தின்கிற விதையில்லாத் தர்பூசணி அப்படி வந்ததுதான்!

ஆனால் இங்கே என் குரலைத் தாழ்த்திக்கொள்கிறேன். காந்தளில் கிழங்கிலிருந்து விதைவரை எல்லாமே விஷம். சாதாரண விஷம் இல்லை. வள்ளிக்கிழங்கு என்று நினைத்துத் தின்றவர்களும், தெரிந்தே தின்றவர்களும் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஆஸ்பத்திரிகளுக்கு வந்திருக்கிறார்கள். சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு. பிறகு ஒவ்வொரு உறுப்பாகச் செயல் இழக்கும். பிழைத்து எழுந்தவர்களுக்கும் ஓரிரு வாரத்தில் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிரும். செல்கள் பிரிய முடியாமல் போவதன் விளைவுதான் அது. ஆகவே தயவுசெய்து குழந்தைகள் விளையாடும் இடத்தில் இதை வைக்காதீர்கள். நாட்டு வைத்தியம் என்று யாரும் கையால் தொட்டுப் பார்க்கவும் வேண்டாம். எங்கள் மாடிக்கதவுக்குப் பூட்டு உண்டு. சாவி என்னிடம் ஒன்று, வாட்ச்மேன் அண்ணனிடம் ஒன்று. "தொட்டா கைய சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் சோத்துல கை வெக்கோணும், அம்மணி" என்று சித்தப்பா முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிட்டார்.

இத்தனை விஷத்தையும் சட்டை செய்யாமல் ஒரு ஆள் வந்து இலையைத் தின்கிறது! போன கார்த்திகையில் ஒரு காலை, இலை விளிம்பெல்லாம் கடித்திருந்தது. திருப்பிப் பார்த்தால் கறுப்புப் புழு. உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, இடையிடையே சிவப்பு. அழகென்றால் அப்படி ஒரு அழகு. பாலிடெலா குளோரியோசே என்ற அந்துப்பூச்சியின் புழு. பெயரிலேயே காந்தள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் நந்தனத்தில், கட்டடங்களுக்கு நடுவில், மூன்றாவது மாடிக்கு மேலே இருக்கும் ஒற்றைக் காந்தளை அந்தத் தாய்ப்பூச்சி எப்படிக் கண்டுபிடித்தது? இந்தத் தெருத் தொட்டிகளில் இருக்கும் லில்லிச் செடிகளிலும் அது வாழும். தொட்டிக்குத் தொட்டி தாவி வந்திருக்கும். எனக்குத் தெரியாமல் இந்தத் தெருவுக்குள் ஒரு காட்டுப்பாதை ஓடிக்கொண்டிருந்திருக்கிறது! புழுவை நான் விரட்டவில்லை. ஐந்து இலை போனது. போகட்டும்.

தையில் செடி மஞ்சளாகியது. என் பஞ்சுப் பட்டாம்பூச்சி வேலைக்குப் பலனாக ஒரே ஒரு காய். வாடிய இதழ்கள் உதிராமல் அதன் கழுத்தைச் சுற்றிக் காய்ந்து கிடந்தன. காய் மூன்றாக வெடித்தது. உள்ளே செம்மணி மாலை மாதிரி விதை வரிசை. மாசியில் தண்டு முழுவதும் காய்ந்து சாய்ந்தது. தொட்டியில் வெறும் மண். 'செத்துவிட்டது' என்று எவரும் நினைக்கும் கோலம். நிஜத்தில், மேடையில் விளக்கை அணைத்துவிட்டுக் காந்தள் தன் ஒப்பனை அறைக்குள் போயிருந்தது.

அந்த அறையை நான் பார்த்துவிட்டேன்! பங்குனியில் ஒரு கல்யாணத்துக்காகச் சித்தப்பா சென்னைக்கு வந்தார். நந்தனம் மெட்ரோவில் இறங்கி, பாதாளத்திலிருந்து நகரும் படிக்கட்டில் ஏறி வந்தவர், காபி குடித்த கையோடு மாடிக்கு வந்தார். "தோண்டக் கூடாது, ஒதுக்கித்தான் பாக்கோணும்" என்று சொல்லி, கையுறை மாட்டிக்கொண்டு விரலாலேயே மண்ணை ஒதுக்கினார். ஒரு சாண் ஆழத்தில் முதலில் வந்தது ஒரு சுருங்கிய தோல். வெறும் சக்கை, காலியான சாக்குப்பை மாதிரி.

"இதுதான் போன ஆடியில மொளச்ச கெழங்கு, அம்மணி. பூவுக்குக் குடுத்துட்டுப் போயிருச்சு."

எனக்குத் தொண்டை அடைத்தது. சித்தப்பா சிரித்தார். இன்னும் கொஞ்சம் மண் ஒதுங்கியது. அந்தச் சக்கையை ஒட்டி, உழுகிற கலப்பை மாதிரி வளைந்து, இரு பக்கமும் கை நீட்டிக்கொண்டு, கெட்டியாக, பழுப்பு நிறத்தில் ஒரு புதுக் கிழங்கு! கலப்பைக் கிழங்கு என்ற பெயர் கண்ணெதிரே மண்ணில் கிடந்தது. இரண்டு கைகளின் நுனியிலும் பொட்டு வைத்த மாதிரி ஒரு குருத்து.

"இந்த மொனதான் உசுரு. இது ஒடஞ்சா, கெழங்கு எம்புட்டுப் பெருசா இருந்தும் அந்தப் பக்கம் மொளைக்காது. ரெண்டு மொன, ரெண்டு செடி. போன வருசம் செடி இருந்த எடத்துல இந்த வருசம் இருக்காது பாத்துக்கோ."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதாவது, இந்தச் செடி நடக்கிறது! ஒவ்வொரு வருஷமும் பழைய கிழங்கு தன்னை முழுக்கச் செலவழித்துவிட்டு, தன் பக்கத்தில் புதிய கிழங்கை வைத்துவிட்டுப் போகிறது. அதன் முனையிலிருந்து அடுத்த செடி. அதன் பக்கத்தில் இன்னொரு கிழங்கு. விரல் விரலாக, சாண் சாணாக, சருகுக்கடியில் யாருக்கும் தெரியாமல் காட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறது. ஐ.ஐ.டி. வளைவில் காரைப் புதர் உச்சியில் நான் பார்த்த அந்தச் சுடர்கள், எந்த வருஷம் எந்தப் புதரடியிலிருந்து கிளம்பி அங்கே வந்து சேர்ந்தனவோ!

சித்தப்பா மண்ணை மெதுவாக மூடினார். "ஆடி வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தாத. அது தூங்கோணும். ஈரம் பட்டா அழுகிப் போயிரும்" என்றார். தொட்டியின் விளிம்பில் சாக்பீஸால் போன வருஷச் செடி இருந்த இடத்துக்கு நேராக ஒரு கோடு போட்டு வைத்தேன்.

கத்தரி வெயில் முழுக்க அந்தக் காலித் தொட்டிக்கு நான் காவல் இருந்தேன். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வாட்ச்மேன் அண்ணன் மேலே வரும்போதெல்லாம், "அண்ணே, அதுக்கு மட்டும் வேணாம்" என்று கெஞ்சுவேன். "இன்னாக்கா, வெறும் மண்ணுக்கு இம்மாங் காவலா? குட்த்தா அதுல ரெண்டு துளசியாவது வெச்சுடுவேன்ல" என்பார். ஆனால் ஒரு நாள்கூட அதில் குழாயைத் திருப்பவில்லை.

ஆடி பிறந்து ஒரு ராத்திரி நல்ல இடி மழை. மறுநாள் காலை ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். இன்டர்காம் அடித்தது.

"அக்கா, சீக்கிரம் மேல வா. அந்தத் தொட்டில இன்னாவோ கொம்பு மாதிரி வந்துக்கீது."

"நடுவுலயா அண்ணே?"

"நடுவுல இல்லக்கா. நீ போட்ட கோடு இருக்குல்ல, அதுக்கு இந்தாண்ட ஒண்ணு, அந்தாண்ட ஒண்ணு."